புறாத்தீவில் நான்கு நாள்

கடல் சூழ்ந்த குடாநாட்டிற் பிறந்தவர்களாயினும், நம்மிற் பெரும்பாலோர் கடலை அறிந்திருப்பது முழங்காலளவே. ஆடியமாவாசைக்குக் கீரிமலையில் நீராடுவோம். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிற் படகேறுவோம். அப்படகின் அடியில் என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஆகவே, நாற்பது வயதைக் கடந்த நான்கு ஆசிரியர்கள் சுழியோடக் கற்பதற்காகத் திருகோணமலைக்குப் புறப்படுகின்றார்கள் என்ற செய்தி பரவியபோது எங்கள் இல்லங்களில் எழுந்த எதிர்ப்பை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக்காக நாங்கள் புறப்படவில்லை. எங்களுள் ஒருவர் கரையோரக் கிராமப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவர். அவருடைய பழைய மாணவர் சிலர் சங்கும் கடலட்டையும் எடுக்கும் வள்ளங்களிற் சேர்ந்து, முதுகிற் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகின்றனர். அவர்களுள் ஒருவன் ஒருநாள் நலமாகக் கரையேறி, தேநீர் வாங்கிக் குடித்து, அரைமணி நேரத்துக்குள் கால்கள் மரத்து வீழ்ந்தான். இன்று ஊன்றுகோலுடன் நடக்கின்றான். “வாயுக்களின் அமுக்கத்தைப் பற்றிய கணக்குகளை அவன் பிழையின்றிச் செய்வான். அது தன்னுடைய உடம்பைப் பற்றிய கணக்கு என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை,” என்றார் நண்பர். அவர் கற்கச் சென்றார். நாங்கள் மூவரும் துணைக்குச் சென்றோம்.

நம் பக்கத்துக் கடலிலேயே கற்கலாகாதா என்று கேட்கலாம். பாக்குநீரிணை ஆழம் குறைந்தது. அடிச் சேறு கலங்கினால் நீட்டிய கை தெரியாது. நிலாவெளிக் கடலோ சோழகம் வீசும் மாதங்களிற் பளிங்குபோல் அடங்கிக் கிடக்கும். பயிற்றுநரும் அங்கே உளர். ஆவணி மாதத்து விடுமுறையில், வவுனியாவிலும் ஹொரவப்பொத்தானையிலும் வெயிலைக் குடித்தபடி பேருந்திற் போய்ச் சேர்ந்தோம்.

முதலிற் கோணேசர் தரிசனம். சுவாமிமலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால், கடல் நீலம் கடந்து கருமையாகத் தோன்றும். 1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்தபோது அதன் கற்களுட் சில கோட்டைச் சுவராயின. சில இக்கடலுள் வீழ்ந்தன. ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்து, இப்பாறையின் அடியிற் சுழியோடித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். மறு ஆண்டே கிளார்க் நம் நாட்டுக் கடலடியைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். நம்மவர் மேலே நின்று மலர் தூவிய கடலின் அடியை உலகுக்குச் சொன்னவர், விண்வெளிக் கதைகள் எழுதிய ஓர் அந்நியர்! எனக்கு இதில் மகிழ்ச்சி பாதி, வெட்கம் பாதி.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பாறைகளில் வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளையர் காலத்திற் கடற்படையினர் இதைக் குறியாக வைத்துச் சுட்டுப் பழகினர் என்பர். 1963இற் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாயிற்று. பாதணியோடு முருகைக்கல்லில் ஏறி நின்று படம் பிடிப்போரை அங்கே கண்டோம். அதைப் பற்றி எழுதினால் இக்கட்டுரை வேறொன்றாகிவிடும்.

பயிற்றுநர் திருகோணமலை இளைஞர்; எங்கள் வயதுக்கு இரங்கி, ஒவ்வொன்றையும் மும்முறை சொன்னார். “சேர், இதை ஒட்சிசன் சிலிண்டர் என்று சொல்லாதீர்கள். இதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று; இறுக்கி அடைத்திருக்கிறோம், அவ்வளவுதான்,” என்று தொடங்கினார். பிறகு ஒரே ஒரு கட்டளை: கீழே எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கலாகாது.

இங்கேதான் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் கரைகளிற் சங்கு குளித்தோரின் முழு வித்தையும் மூச்சை அடக்குவதன்றோ? கல்லைப் பற்றிக் கயிற்றுடன் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் எடுத்ததை எடுத்துக்கொண்டு மீள்வர். அவ்வாறு எடுத்த சங்கு வங்காளம்வரை சென்று மணப்பெண்களின் வளையலாயிற்று. மேலே நிரப்பிக்கொண்ட காற்று பத்து மீற்றர் ஆழத்திற் பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவை அடையும். அதனால் நெஞ்சுக்குத் தீங்கில்லை. சிலிண்டர் கட்டியவன் நிலை வேறு. அவன் பத்து மீற்றர் ஆழத்திலேயே நெஞ்சு நிறையச் சுவாசிக்கின்றான். தகப்பனிடம் கற்றபடி மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால், அக்காற்று இரு மடங்காகி நுரையீரலைக் கிழிக்கும். தகப்பனைக் காத்த பழக்கமே மகனைக் கொல்லும்.

அந்த மாணவனின் கால்களை வாங்கியது மற்றொன்று. ஆழத்தில் நெடுநேரம் இருக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திற் கரைகின்றது. மெல்ல எழும்பினால் அது மூச்சோடு வெளியேறும். விரைந்து எழும்பினால், திறந்த சோடாப் போத்தல்போல உடம்புக்குள்ளேயே குமிழிகள் பொங்கும். ஆகையால் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் எழும்பி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து நிற்கவேண்டும். அதற்கும் மேலாக, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதற்கு அட்டவணை உண்டு.

மூன்றாம் நாள் பத்து மீற்றர் ஆழத்துக்கு இறங்கினோம். கடலடி அமைதியானது என்பது பொய். கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கறுக்கறுக்கென்று கடிக்கும் ஓசை காதில் விழுந்தபடியே இருக்கும். செட்டை நுனி கறுத்த சுறாவொன்று எங்களைப் பொருட்படுத்தாமற் கடந்தது. கோயிலில் என் கையிற் கட்டிய சிவப்பு நூல் சாம்பல் நிறமாயிருந்தது. செந்நிறக் கதிரை நீர் முதலில் விழுங்கிவிடும் என்பதைப் படித்திருக்கிறேன். ஆயினும் மேலே வந்து அந்நூல் மீண்டும் சிவந்தபோது சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன்.

ஊர் திரும்பிய மறு வாரம் நண்பர் வள்ளங்கள் கட்டும் துறைக்கு எங்களையும் அழைத்துச் சென்றார். இளைஞர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவன் மட்டும், “மூண்டு நிமிசம் சும்மா நிண்டா மற்ற வள்ளக்காரர் அட்டையை அள்ளிப்போடுவினம், சேர்,” என்றான். அவன் சொன்னதும் உண்மையே. வட்டிக்கு வாங்கிய எஞ்சினுக்கு அட்டவணை தெரியாது. அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர், அந்நாளிற் கல்லைப் பிடித்து இறங்கியவர், தலை நிமிராமலே சொன்னார்: “மாஸ்டர், அந்தக் காலத்திலை மூச்சு எங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திடும். இந்தச் சிலிண்டர் பொடியளைப் போகவிடுது. வா எண்டு சொல்லுறதில்லை.”

நண்பர் ஒரு கயிற்றை எடுத்து, ஒரு நுனியிற் கல்லைக் கட்டி, மேலிருந்து ஐந்து மீற்றரில் ஒரு முடிச்சுப் போட்டார். சிவப்புத் துணி ஆழத்திற் கறுத்துத் தோன்றுமென்பதால் வெள்ளைத் துணியைச் சுற்றினார். அட்டவணையைத் தமிழில் எழுதி, நீர் புகாத உறையிலிட்டு அதனுடன் தொங்கவிட்டார். இப்போது இரண்டு வள்ளங்களில் அக்கயிறு இருக்கின்றது. மூன்றாமவர் கேட்டிருக்கின்றார், அவருக்கான கயிற்றை முதியவரே திரித்துக்கொண்டிருக்கின்றார்.