பொட்டியைக் கொடுங்க, சாவியைக் கொடுக்காதீங்க

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லீங்க. பி.காம் முடித்து, வங்கித் தேர்வு எழுதி, சம்பல்பூர், ராஞ்சி என்று சுற்றிவிட்டு இப்போது கல்கத்தாவில் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும் சாதாரண அதிகாரி. ஆனாலும் "லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், எந்தக் கடையில கொடுக்கலாம்?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது போன் போடுகிறார்கள். காரணம் தங்கமணி. 2024 நவம்பரில் எங்க வீட்டுப் பொட்டியை நான் சரிசெய்த கதையை, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வரும் தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் பரப்பிவிட்டார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

எந்தக் கடை என்பது இரண்டாவது கேள்வி மக்களே. பொட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நம்மை மாதிரி மூன்று வருஷத்துக்கு ஒருதரம் ஊர் மாறுகிறவர்கள் வீட்டில் காகிதமெல்லாம் டிரங்குப் பெட்டியில் இல்லை, லேப்டாப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வாடகை ஒப்பந்தம், போலீஸ் சரிபார்ப்பு, கேஸ் இணைப்பு, பள்ளிக்கூட அட்மிஷன். ஒவ்வொன்றுக்கும் ஆதார், பான், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். அதனால் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருப்போம். எங்க வீட்டில் அதற்குப் பேரே 'முக்கியம்'. கும்பகோணம் வீட்டுப் பத்திரம், அப்பாவின் பென்ஷன் ஆர்டர், என் சம்பளச் சீட்டு, நாலு பேருடைய ஆதார், எல்லாம் அதற்குள்ளே. திருடனுக்குத் தேடுகிற வேலைகூட வைக்காத ஃபோல்டர். உங்க வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும், வேண்டுமானால் இப்பவே போய்ப் பாருங்க.

"பாஸ்வேர்டு போட்டுத்தானே சார் இருக்கு" என்பார்கள். இணையத்திலிருந்து இறக்கிய ஆதார் பிடிஎஃப்புக்கு என்ன பாஸ்வேர்டு? பெயரின் முதல் நாலு எழுத்து, பிறகு பிறந்த வருஷம். இது ஊருக்கே தெரியும். அந்தப் பெயரும் வருஷமும் அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே கிடக்கும் பான் கார்டு படத்தில் இருக்கிறது. பூட்டைப் போட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டி வைத்த கதை.

சரி, விண்டோஸ் பாஸ்வேர்டு? அது வாசல் கதவு மட்டும்தான். டிஸ்க்கில் என்கிரிப்ஷன் போடாத லேப்டாப்பாக இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் சொருகினால் போதும். பாஸ்வேர்டு கேட்காமலேயே எல்லாம் திறந்துகொள்ளும். பாஸ்வேர்டையும் நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் வசதி. குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைப் பார்க்க அது கேட்பதும் அதே விண்டோஸ் பாஸ்வேர்டைத்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், போன வருஷம் எங்க கிளைக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். பேரனுக்குக் கல்விக்கடன், இவர் கூட்டுக் கடனாளி. அவருடைய கடன் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், வாழ்க்கையில் அவர் வாங்கவே வாங்காத ஒரு சின்னத் தனிநபர் கடன், தவணை கட்டாமல் நிற்கிறது. மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காகிதங்களை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு யோசித்து யோசித்துச் சொன்னார்: சிம் கார்டு கடை, ஜெராக்ஸ் கடை, மூன்று நாள் வைத்திருந்த லேப்டாப் ரிப்பேர் கடை. எந்த ஓட்டை வழியாகப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை. எழுத்துமூலம் புகார் கொடுத்து அந்தக் கடனை நீக்க வைத்தோம். (தகவல் நிறுவனங்கள் 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். இதுவரை வாங்காதவர்கள் வாங்குங்க.) ஆனால் பேரனின் கல்லூரிக் கட்டணத் தேதி அதற்குள் தாண்டிவிட்டது. மருமகளின் வளையலை வைத்துத்தான் கட்டினார்.

ரிப்பேர் கடைக்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லவில்லை. பாவம், பாதிப் பேர் வெயிலில் ஓட்டைப் பங்கா கீழே உட்கார்ந்து பிழைக்கிறவர்கள். ஆனால் கையில் கிடைத்தால் பார்ப்பது மனித சுபாவம். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆட்கள் இதைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவுசெய்யும் லேப்டாப்புகளை, சின்னக் கோளாறு ஒன்றை உண்டாக்கி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 6 கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள், அதில் 2 இடத்தில் நகலே எடுத்துக்கொண்டார்கள். கடையின் போர்டு பெரிசா சின்னதா என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போ எங்க பொட்டி. 2019-ல் வாங்கியது. 4 ஜிபி மெமரி, 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் பண்ணிவிட்டுக் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிவிட்டு வரலாம், அப்போதும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்க. எதையும் திறக்காதபோதே 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் நோய் அங்கேதான். பழைய ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு. கிராமபோன் ஊசி மாதிரி ஒரு முள் அங்கேயும் இங்கேயும் ஓடிப் படிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்கு நூறு தடவை போல எடுத்தாலே பெரிசு. எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் கிடையாது, அதே வேலையைப் பல்லாயிரம் தடவை செய்யும். ஒரே கவுன்ட்டரில் திருவிழாக் கூட்டம் நிற்பதற்கும், நூறு கவுன்ட்டர் திறந்து வைத்ததற்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் காசில்லாத வைத்தியம் எல்லாம் செய்தேன். ஸ்டார்ட்-அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்தினேன், மகள் விளையாட்டாக ஏற்றியதை நீக்கினேன். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். 'உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது, இங்கே அழுத்துங்கள்' என்று வரும் இலவச மருந்துகள் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. போனிலேயே சரிசெய்கிறேன், எனிடெஸ்க் போடுங்க என்று கூப்பிடும் ஆட்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. அப்படிப் பணம் போனால் உடனே 1930. தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்குத்தான் லாபம், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அப்புறம் காளிகாட்டில் மெட்ரோ ஏறிச் சாந்தினி சௌக்கில் இறங்கினேன். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டின் கல்கத்தா அண்ணன். வாங்குவதற்கு முன்னால் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு கடையில் ரிப்பேருக்கு வந்த லேப்டாப்புகள் சப்பாத்தி மாதிரி அடுக்கி வைத்திருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு. மார்க்கர் பேனாவில், தெருவில் போகிறவன் படிக்கிற மாதிரி! எங்க வங்கியில் லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று எங்களிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். இங்கே இரண்டு சாவியையும் கட்டி, முகவரியும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான் செய்தது இதுதான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். நகல் எடுத்தால் போதாது, நாலைந்து கோப்பைத் திறந்தும் பார்க்க வேண்டும் (ரொக்கத்தை வாங்கினால் எண்ணாமல் கையெழுத்துப் போடுவோமா?). 'முக்கியம்' ஃபோல்டரை மட்டும் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் நீளமான பாஸ்வேர்டு போட்டுச் சுருட்டித் தனியாக இன்னொரு நகல். லேப்டாப்பில் ஏற்கெனவே என்கிரிப்ஷன் போட்டிருக்கிறவர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்க. இல்லாவிட்டால் கழற்றிய டிஸ்க் உங்களுக்கே திறக்காது.

கடையில் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்துடு, அதுக்கப்புறம் மத்த வேலையைப் பாரு." பையன் சிரித்தான். "தாதா, பாஸ்வேர்டு?" என்றான். (இங்கே தாதா என்றால் அண்ணன், நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) புது டிஸ்க் காலியாகத்தானே இருக்கு, எதுக்குப் பாஸ்வேர்டு என்றேன். ஒரு விநாடி யோசித்துவிட்டுத் தலையாட்டினான். நியாயம்தானே! டிஸ்க்கோ மெமரியோ பேட்டரியோ கீபோர்டோ மாற்றுவதற்கு நம்ம கோப்பு எதுவும் அவனுக்கு வேண்டாம். 500 ஜிபி எஸ்எஸ்டி, கூடுதல் 4 ஜிபி மெமரி, பழைய டிஸ்க்கைப் போட்டு யுஎஸ்பியில் சொருக ஒரு டப்பா. எல்லாம் என் கண்ணெதிரே அரை மணியில் முடிந்தது. பழைய டிஸ்க் என் சட்டைப் பையில். கூலியோடு சேர்த்து அன்றைக்கு ஐந்தாயிரத்துக்குள் அடங்கியது. வெறும் பொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விண்டோஸ் 11-ஐ நானே ஏற்றினேன். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கி பென்டிரைவில் போட்டால் அதுவே வழி சொல்லிக்கொண்டு போகிறது, பி.காம்-காரனுக்கே புரிகிறது. எங்களுடையது எட்டாவது தலைமுறை இன்டெல், அதனால் 11 ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தையதை அது ஏற்காது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனது, அதனால் பழைய பொட்டியில் எஸ்எஸ்டி போடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்க.

இப்போது இருபது விநாடியில் எழுந்து நிற்கிறது. மகள் "அப்பா, புதுசு வாங்கிட்டியா?" என்றாள்.

பழைய டிஸ்க் மூன்று மாதம் பீரோவில் இருந்தது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுக்கலாமே என்றுதான். நாலு கோப்பு விட்டுத்தான் போயிருந்தது. அதற்குப் பிறகு ஃபுல் ஃபார்மட் செய்தேன், குவிக் ஃபார்மட் இல்லை. கோப்பை அழிப்பது என்பது பழைய லெட்ஜரில் முன்பக்க அட்டவணையில் பெயரை அடிப்பது மாதிரி, உள்ளே பக்கம் அப்படியேதான் இருக்கும். ஃபுல் ஃபார்மட் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பூஜ்யமாக எழுதிக்கொண்டு போகும். 1 டிபிக்கு ராத்திரி முழுக்க ஓடியது. இப்போது அதில் தங்கமணியின் சினிமாக்கள் இருக்கின்றன. எஸ்எஸ்டி வேலை செய்யும் விதம் வேறு, அதை விற்கும்போது இந்த வித்தையை நம்ப வேண்டாம். அதற்கு ஆரம்பத்திலேயே என்கிரிப்ஷன் போட்டுவிடுவதுதான் வழி. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்க. எங்களுடையதில் இருந்தது, போட்டாச்சு. அதன் 48 இலக்கம் திருச்சியில் மச்சான் வீட்டு பீரோவில் ஒன்று, இங்கே தங்கமணியின் பால் கணக்கு நோட்டில் ஒன்று.

டிஸ்கி: மேலே சொன்ன விலை 2024 நவம்பர் விலை. அதற்கப்புறம் மெமரி விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, என்னைத் திட்டாதீங்க. கடை பெயர் கேட்டும் போன் போடாதீங்க, டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுக்கச் சம்மதிக்கிற எந்தக் கடையும் சரிதான்.