முடிச்சுக் கணக்கு

நாடோறும் பெரட்டில் ஆட்களை எண்ணிக் கணக்கெழுதும் தோட்டக் கிராணி யான். இரவிலோ நூலின் துணைகொண்டு பெரு நாட்டு மலைமேல் மச்சு பிச்சுவுக்குச் செல்வேன். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், இரும்புக் கருவியின்றிச் செதுக்கிச் சாந்தின்றிப் பொருத்திய கற்கள்! 15ஆம் நூற்றாண்டில் அதனைக் கட்டுவித்தவர் இன்கா மன்னர் பச்சகுட்டி என்பர். 1911இல் உலகுக்கு அறிவித்தவர் அமெரிக்கராகிய ஹைராம் பிங்காம். கல் சுமந்தோர் பெயர் யாது?

எழுத்து வழக்கமில்லாத அந்நாட்டிலும் என்னைப் போன்ற கணக்கர் இருந்தனர். கயிற்றில் முடிச்சிட்டு ஆட்களையும் தானியத்தையும் எண்ணினர். அம்முடிச்சுகளின் எண்களை அறிஞர் படித்தறிந்தனர், பெயர்களைப் படித்தாரில்லை.

அன்பர்களே, அங்குச் செல்ல என்னிடம் பொருளில்லை. ஆயினும் அக்கனவு வீணன்று. மறுநாட் காலைப் பெரட்டில், அதுகாறும் எண்ணால் அழைத்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தேன்.