வாங்க, வந்து இறங்குங்க!

ராணுவ விமானத்தளம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் முள்கம்பி வேலி, 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' போர்டு, துப்பாக்கியோடு ஒரு முறைப்பு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து, 'சனிக்கிழமை உங்கள் குட்டி விமானத்தை ஓட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் ஓடுபாதையிலேயே இறங்கலாம்' என்று அழைப்பு வந்தால்?

"நீங்க ஏதாவது ஏடாகூடமா பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி.

பண்ணத்தான் பண்ணியிருந்தேன். இரண்டு வருஷம் முன்னால், கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்குக்கு மேலே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறந்தபோது, "அதோ பாருங்க, ஏதோ புள்ளி மாதிரி... அப்படியே நிக்குது" என்றாள். மடியில் விரித்திருந்த மேப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பறவையா இருக்கும்" என்றேன். அந்தப் 'பறவை' சில விநாடிகளில் ராணுவ ஜெட்டாக மாறி, எங்கள் காலுக்குக் கீழே பாய்ந்து போனது. அன்றிலிருந்து அவள் என் விமானத்தில் ஏறுவதில்லை. "எனக்குக் காரே போதும்!"

கூப்பிட்ட இடம், பீல் விமானப்படைத் தளம். சாக்ரமென்டோவுக்கு வடக்கே, மேரிஸ்வில் பக்கம். எட்வர்ட் பீல் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1857-ல் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு அமெரிக்காவின் தென்மேற்கில் பாதை அளந்த மனிதர். ஒட்டகக்காரர் பெயரில் உளவு விமானத்தளம்!

சும்மா போய் இறங்கிவிட முடியாது. தனியார் விமானம் அமெரிக்க ராணுவத் தளத்தில் இறங்க வழக்கமாக மூன்று படிவங்கள் உண்டு. 2400-ஆம் எண், இன்ஷூரன்ஸ் சான்று. 2401, இறங்க அனுமதி. 2402, 'எனக்கு ஏதாவது ஆனால் அரசாங்கத்தின் மேல் கேஸ் போட மாட்டேன்' என்று உறுதிமொழி. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, 'வயிறு கெட்டால் நாங்கள் பொறுப்பில்லை' என்று கையெழுத்து வாங்குகிற மாதிரி!

பாலோ ஆல்டோவிலிருந்து செஸ்னா 172-ல் கிளம்பினேன், தனியாக. ஒரு மணி நேரப் பயணம். சாக்ரமென்டோ தாண்டியதும் கீழே நெல் வயல்கள்! பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மின்ன, ஒரு நிமிஷம் தஞ்சாவூருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தூரத்தில், சமவெளியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல சட்டர் பியூட்ஸ் குன்றுகள். இந்தத் தடவை மேப்பை மடித்துப் பின்சீட்டில் போட்டிருந்தேன். கண் முழுக்க வெளியே!

பீல் ஓடுபாதை 12,000 அடி நீளம், 300 அடி அகலம். நான் தினம் இறங்குகிற பாலோ ஆல்டோவில் 2,443 அடி நீளம், 70 அடி அகலம்தான். 'இவ்வளவு பெரிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டே இறங்கலாமே' என்று நினைத்தேன். அங்கேதான் சனி! பாதை வழக்கத்தைவிட அகலமாக இருந்தால், தரை பக்கத்தில் வந்துவிட்டதுபோலக் கண் ஏமாற்றும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் பல அடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கினேன். வண்டி தொப்பென்று விழுந்தது. கன்ட்ரோல் டவரில் இருந்தவர் மகா பண்பாளர். "பீலுக்கு நல்வரவு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வரிசையாக நாற்பது, ஐம்பது குட்டி விமானங்கள். டோனட், காபி. 'அந்தப் பக்கம் மட்டும் போட்டோ எடுக்காதீர்கள்' என்று ஒரு சிரித்த முக எச்சரிக்கை. பிறகு ஹாலில் உட்கார வைத்துப் பாடம். அழைத்ததே அதற்குத்தான். எங்கள் விமானமும் அவர்கள் ஜெட்டும் ஒரே வானத்தில் திரிகின்றன. மோதாமல் இருக்க வேண்டுமே!

ஓர் அதிகாரி போர்டில் எழுதினார்: 12.5 விநாடி. எதிரே ஏதோ தெரிகிறது, அது விமானம், நம் மேல் மோத வருகிறது, எந்தப் பக்கம் திருப்பலாம் என்று மூளை முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்பி முடிய ஆகிற நேரம் அது. என் செஸ்னா 110 நாட், எதிரே ஜெட் 300 நாட் என்று வைத்துக்கொண்டால், அந்த 12.5 விநாடியில் இரண்டுக்கும் நடுவே இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கரைந்துவிடும்.

"இன்னொன்று" என்றார். "கண்ணாடியில் நகர்ந்து போகிற விமானம் உங்களை விட்டுவிடும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற புள்ளிதான் உங்களை நோக்கி வருவது. அது கடைசி நிமிஷம் வரை சின்னதாகவே இருக்கும். திடீரென்று பூதாகாரமாகும்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 'அப்படியே நிக்குது' என்று சொன்னாளே!

"யாருக்காவது இப்படி அனுபவம் உண்டா?" என்று கேட்டார். கை தூக்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தேன். புள்ளி, மேப், பறவை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஓர் இளம் ராணுவ பைலட் மட்டும், "எங்களுக்கும் உங்கள் விமானம் கொசு மாதிரிதான் சார் தெரியும். அந்த ஜெட்காரர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார்" என்றார். ஆறுதலா, அதிர்ச்சியா என்று இன்னும் புரியவில்லை.

மத்தியானம் யு-2 இறங்குவதைக் காட்டினார்கள். 1955-ல் முதலில் பறந்த உளவு விமானம். 70,000 அடிக்கு மேலே பறக்கும். நமக்கும் இதனோடு பழைய உறவு உண்டு. சீனப் போருக்குப் பிறகு, 1964-ல் ஒடிசாவின் சார்பாத்தியா தளத்திலிருந்து யு-2 பறந்ததை, 2013-ல் வெளியான சி.ஐ.ஏ. ஆவணம் ஒப்புக்கொண்டது.

இறக்கை நீளம் 103 அடி. சக்கரமோ சைக்கிள் மாதிரி முன்னே ஒன்று, பின்னே ஒன்று. விண்வெளி வீரர் மாதிரி உடையில் இருக்கும் பைலட்டுக்குத் தரை சரியாகத் தெரியாது. அதனால் இன்னொரு யு-2 பைலட், வேகமான காரில் விமானத்தைத் துரத்திக்கொண்டே ரேடியோவில் சொல்கிறார்: "பத்து அடி... ஐந்து... மூன்று... இரண்டு..." விமானம் இறங்கி, வேகம் குறைந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கை நுனியில் நின்றது.

70,000 அடியில் தனியாகப் பறக்கிறவருக்கே தரைக்கு வர இன்னொருவர் கண் வேண்டியிருக்கிறது. நான் எந்த மூலை!

வீட்டுக்கு வந்ததும், "என்ன கொடுத்தாங்க?" என்றாள்.

"டோனட். அப்புறம்... அன்னிக்கு நீ சொன்ன புள்ளி இருக்கே, அது பறவை இல்லைன்னு எனக்கு உடனே தெரிஞ்சிருக்கணும். நான் பார்க்கவே இல்லை. தப்பு என்னோடது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த மன்னிப்பாயிற்றே, எடை போட வேண்டாமா?

"சரி, அடுத்த சனிக்கிழமை நானும் வரேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. மேப் என் மடியில இருக்கும். நீங்க வெளிய பாருங்க!"