பத்மநாபபுரத்தில் ஒரு பகல்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு ஊர்ப் பயணம் என்பது பெரும்பாலும் திருமணம், கோயில் கொடை, சொத்துப் பிரிவினை ஆகிய மூன்றனுள் ஒன்றை முன்னிட்டே நிகழ்கின்றது. வந்த வேலை போக மிஞ்சுகின்ற ஓரிரு நாள்களைப் பிள்ளைகளுக்கு நாட்டைக் காட்டுவதற்கென ஒதுக்குகிறோம். அவ்வாறு ஒதுக்கிய ஒரு பகலில் நாங்கள் குடும்பத்துடன் கண்டு வந்த பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றிச் சில எண்ணங்களைச் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் தக்கலையில் இறங்கிச் சிறிது தொலைவு சென்றால் கருங்கற் கோட்டை மதில் எதிர்ப்படும். அதனுள்ளே ஏறத்தாழ ஆறு ஏக்கர் பரப்பில் ஓட்டுக் கூரையும் மரச் சுவருமாக விரிந்திருக்கிறது அரண்மனை. அவ்வூரார் அதனைக் 'கொட்டாரம்' என்றே வழங்குகின்றனர். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைக் கண்ட கண்களுக்கு முதற்பார்வையில் இது ஒரு பெரிய குடும்பத்தின் வீடு போலத்தான் தோன்றும். பருத்த தூண்களும் விண்ணளாவும் வளைவுகளும் இல்லை. ஆனால் உள்ளே செல்லச் செல்ல, தச்சனின் உளி எட்டாத இடமே இல்லை என்பது விளங்குகின்றது.

பூமுகத்தின் விதானத்தில் தொண்ணூறு வகைப் பூக்கள் மரத்தில் மலர்ந்திருக்கின்றன. அதன் மேலே, அரசர் அமைச்சர்களுடன் அமர்ந்து ஆய்ந்த மந்திரசாலை. வண்ண அபிரகத் தகடுகள் பதித்த பலகணிகள் வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன. கண்ணாடி போல் முகம் காட்டும் கருந்தரையைத் தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைக் குழைத்து இட்டார்கள் என்பர். ஆயிரம் பேர்க்கு மேல் ஒருங்கே அமர்ந்து உண்ணத்தக்க ஊட்டுபுரையும், ஊறுகாய் நிறைத்து வைத்த சீனச் சாடிகளும், மூலிகை மரத் துண்டுகளை இணைத்துச் செய்த அரசரின் கட்டிலும் பிள்ளைகளை நெடுநேரம் நிறுத்திவைத்தன. எங்களை நிறுத்திவைத்தது தாய்க் கொட்டாரம். அனைத்திலும் பழமையான அப்பகுதியில், ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று உள்ளது. அதன் செதுக்கல்களின் மீது விரல் ஓட்டிப் பார்க்காமல் வருவது கடினம்.

இவ்வரண்மனையை 1601ஆம் ஆண்டளவில் எழுப்பியவர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் இதனைப் புதுக்கி விரிவாக்கினார். 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றவரும், 1750இல் தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து அவர்தம் தாசனாக ஆட்சி புரிந்தவரும் அவரே. உப்பரிகை மாளிகையின் மேல்நிலை அக்கடவுளுக்கு உரியதாகவே போற்றப்பட்டது. அடுத்து ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மரின் காலத்தில், 1795இல், தலைநகர் திருவனந்தபுரத்திற்குப் பெயர்ந்தது. அஃதாவது, இவ்வீட்டாரும் நம்மைப்போல் ஊரை விட்டுப் போனவர்களே.

இங்கே எங்கள் மகள் ஒரு வினாவை எழுப்பினாள். நுழைவுச் சீட்டை விற்பது கேரள அரசின் தொல்லியல் துறை. நாம் நிற்பதோ தமிழ்நாட்டில். அப்படியானால் இது யாருடையது? வரலாறு தரும் விடை எளிதுதான். மார்ஷல் நேசமணி போன்றோர் நடத்திய போராட்டங்களின் பின்னர், 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் அந்நாளைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மண் இப்பக்கம் வந்தது; கொட்டாரத்தின் பராமரிப்போ கேரளத்திடமே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் குழந்தை இந்த விடையில் நிறைவடையவில்லை.

அருகில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவரிடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். "யாருக்க வீடுன்னு மரத்துக்குத் தெரியுமா மக்களே? மரத்துக்கு ஆள் அனக்கம் வேணும். அனக்கம் இல்லேன்னா செதல் கேறிரும்" என்றார். ஆள் நடமாட்டத்தையே அப்பகுதி மக்கள் அனக்கம் என்கின்றனர். நாள்தோறும் பெருக்கித் துடைத்துக் கதவு திறந்து காற்றோட்டம் விடாவிட்டால், எந்த அரசின் பெயரில் இருந்தாலும் மரவீடு நில்லாது என்பதே அவர் சொன்னது.

ஊரை விட்டுப் போன அரச குடும்பம் உறவை விடவில்லை என்பதற்கு ஆண்டுதோறும் ஒரு சான்று நிகழ்கின்றது. இங்கு நடந்த நவராத்திரி வழிபாடு தலைநகர் மாறிய பின்னர் திருவனந்தபுரம் சென்றது. ஆயினும் தெய்வங்கள் இங்கேயே இருக்கின்றன. கம்பர் வழிபட்டதாகக் கூறப்படும் தேவாரக்கெட்டுச் சரசுவதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் விழாவிற்கென ஊர்வலமாகச் சென்று, முடிந்ததும் தம் இருப்பிடத்திற்குத் திரும்புகின்றனர். புறப்பாட்டின்போது உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாறுகிறது. இரு மாநிலத்தாரும் உடன் நிற்கின்றனர். எல்லைக்கோடு வரைந்த பின்னும் அந்த வழி அடைபடவில்லை.

எங்கள் பயணத்தின் நோக்கத்தையும் இங்குக் கூறிவிடுகிறோம். தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்காகவே அம்முறை வந்திருந்தோம். உடன்பிறந்தோர் நால்வரும் நான்கு ஊர்களில் இருக்கிறோம். வீடு பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. ஆண்டுக்கொரு முறை பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஓர் இரவு தங்கி, மீண்டும் பூட்டுவோம். நிலைக்கதவின் அடியில் கறையான் மண் ஏறிவிட்டிருந்தது. சொத்து எங்கள் பெயரில் இருக்கிறது என்பதையே வீட்டைக் காப்பதாக எண்ணியிருந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

அன்றிரவு நால்வரும் தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். இறுதியில் வீட்டை விற்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒண்டுக் குடித்தனம் இருந்த ஓர் ஆசிரியர் குடும்பத்தைக் குடிவைத்தோம். வாடகை பெயரளவிற்கே, அந்தியில் விளக்கேற்ற வேண்டும், ஓடு பிரிந்தால் மாற்ற வேண்டும், நாங்கள் வந்தால் ஓர் அறை தர வேண்டும் என்பவையே உடன்பாடு. சென்ற பொங்கலுக்குச் சென்றபோது முற்றத்தில் அவர்கள் வீட்டுப் பெண்மணி கோலமிட்டிருந்தார். "வாங்கக்கா" என்று அவர் எங்களை வரவேற்றபோது, நம் வீட்டிற்குள் பிறர் நம்மை வரவேற்பதா என்ற எண்ணம் ஒரு கணம் எழத்தான் செய்தது. உள்ளே சென்றோம். அடுக்களையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நிலைக்கதவு புதிதாக எண்ணெய் பூசிப் பளபளத்தது.

ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் அன்பர்கள் ஒருமுறை பத்மநாபபுரம் சென்று வருக. திங்கட்கிழமைகளில் அக்கொட்டாரம் அடைத்திருக்கும்.