உம்பாயில் அத்தை போட்ட கோடு

வானொலிக்கு ஐந்து நிமிடப் பேச்சு ஒன்று எழுத எனக்கு ஒரு மணி நேரம் போதும். பல வருடப் பழக்கம். போன தொழிலாளர் தினத்துக்கு அப்படித்தான் தோட்டப்புறத்தைப் பற்றி எழுதினேன். சுட்டெரிக்கும் உச்சி வெயிலில் நம் பாட்டிமார் பால் வெட்டினார்கள், ரப்பர் மரங்கள் வெள்ளைக் கண்ணீர் வடித்தன என்றெல்லாம் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. நேயர்கள் சிலர் கண் கலங்கியதாக வாட்ஸ்அப்பில் எழுதினார்கள்.

அன்று மாலை உம்பாயிலிருந்து அத்தை அழைத்தார்.

"அந்தக் கதைய யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"நான்தான் அத்தை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உச்சி வெயில்ல வெட்டுனா பால் எங்கேர்ந்து வரும்?" என்றார்.

முப்பது வருடத்துக்கும் மேல் உளி பிடித்தவர் அவர். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் என் பாட்டியோடு ஒரே பெரட்டுக்குப் போனவர். பாட்டி இறந்து ஆறு வருடமாகிறது. ஊரில் யார் யார் குரலையோ பதிவு செய்து சம்பளம் வாங்கும் நான், பாட்டியின் குரலை ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்து வைத்ததில்லை. அத்தையின் கேள்வியைவிட இதுதான் அன்றிரவு அதிகம் உறுத்தியது. அடுத்து வந்த சனிக்கிழமை, பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

மலாக்கா நகரிலிருந்து மூவார் நோக்கிப் போகும் கடலோரச் சாலையில் இருக்கிறது உம்பாய். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்க இடமில்லை. அங்கே 1781-இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில் முன்னால் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. அதே பேருந்துகளில் சில, இருட்டியதும் சுட்ட மீனுக்காக உம்பாய்க்கு வருகின்றன. சாலைக்கு உள்பக்கம் இருந்த தோட்டங்களைப் பார்க்க எவரும் வருவதில்லை. பார்க்கவும் இப்போது ஒன்றுமில்லை, பெரும்பாலும் செம்பனைதான். மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டது இதே மலாக்காவில்தான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். வழியில் அதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கருவியை மேசையில் வைத்தேன். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "அந்தக் காலத்தில் நாங்கள் மிகுந்த சிரமத்துடன் உழைத்தோம்" என்று தொடங்கினார். நாற்பது நிமிடம் பேசினார். எல்லாம் என் நிகழ்ச்சியில் நானே பேசுகிற தமிழ். என்னைக் கேட்டுக் கேட்டு வந்த தமிழ்தான் என்று தோன்றியபோது கருவியை நிறுத்திவிட்டேன்.

மாலையில் மீன் கடைக்குப் போனோம். கருவி காரிலேயே கிடந்தது. பனிக்கட்டி மேல் கிடந்த மீன்களில் ஒரு பாரி துண்டும் கொஞ்சம் சோத்தோங்கும் அத்தையே பொறுக்கி நிறுக்கச் சொன்னார். அக்கா, தங்கை என்று கடைக்காரப் பெண்ணிடம் மலாயில் பேரம் பேசினார். சம்பால் தடவிய மீன் நெருப்பில் இருக்கும்போது, வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். பிரித்தவர் சாப்பிடவில்லை. கரண்டியை உளிபோலப் பிடித்து, இலையில் ஒரு கோடு இழுத்தார்.

"இங்க பாரு. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. தோலைத்தான் சீவணும், கட்டையத் தொடக்கூடாது. தொட்டா மரத்துக்குக் காயம். அப்புறம் அந்த இடத்துல புடைச்சுக்கும், மறுபடி வெட்டுக்கு ஆகாது. கிராணி திட்டுவான்."

கரண்டி மறுபடி மறுபடி அதே சரிவில் போனது. இலை கிழியவில்லை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை. இருட்டோடு எழும்புவது, தலையில் விளக்கு, மங்கு, காண்டா வாளி, தன் நிரையில் இத்தனாவது மரத்தடியில் பாம்பு என்று எல்லாம் அந்தக் கை அசைவோடு வந்தன. குளிர்ச்சி இருக்கும்வரைதான் மரத்துக்குள் பாலுக்கு அழுத்தம். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறைந்துவிடும். மழை வந்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. "நீ வெயில வச்சு அழ வச்ச. எங்கள அழ வச்சது மழைம்மா."

காருக்கு ஓடிப்போய்க் கருவியை எடுத்து வரலாமா என்று யோசித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் சேலை மாற்றிய அத்தை திரும்பி வந்துவிடுவார். உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது மட்டும், பாட்டியும் இப்படித்தான் வெட்டுவாரா என்று கேட்டேன். "உங்க பாட்டி என்னைவிட மெல்லிசா சீவும். அதுக்கு இடது கைதான் பழக்கம், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியுமுன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். லயம் இருந்த இடத்தில் செம்பனை. ஒரு சிறிய அம்மன் கோயிலை வைத்து அளந்து, இங்கே ஆயாக் கொட்டகை, அங்கே தண்ணீர்க் குழாய் என்று காற்றில் கை காட்டினார். நான் காட்டிய திசையில் எல்லாம் பார்த்தேன். பனை ஓலைகள்தான் தெரிந்தன.

கோலாலம்பூர் திரும்பிப் பேச்சைப் புதிதாக எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு நான்கு நாள் பிடித்தது. புல்லாங்குழலை எடுத்துவிட்டேன். மணி 5, இருட்டு, இடது கையில் உளி என்று தொடங்கினேன். ஒலிபரப்பானதும் நானே உம்பாய்க்கு அழைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி, நேத்து கோட்டுல காஞ்ச ஒட்டுப்பால உருவி எடுக்கணும். எடுக்காமலே உளிய வச்சுட்டியே."