மரவள்ளி வறட்சியைத் தாங்கும், உப்பைத் தாங்குமா?

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேற்கே ஒரு விவசாயம், கிழக்கே வேறொரு விவசாயம். மேற்கே காவிரிக் கடைமடையின் களிமண், நெல். கிழக்கே பூவைத்தேடி, காமேஸ்வரம், விழுந்தமாவடி, வேட்டைக்காரனிருப்பு என்று மணல் ஊர்கள். தென்னை, மா, சவுக்கு, நிலக்கடலை. இந்த மணலில் வேலியோரத்திலும் தென்னை இடைவெளியிலும் மரவள்ளி நிற்பதைப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் உச்சியில் நாலைந்து இலையோடு வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். ஒரு கோடை மழை பெய்தால் போதும், பத்துப் பதினைந்து நாளில் துளிர்த்துவிடும்.

இதைப் பார்த்துத்தான் கடைமடை வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "உவர் ஏறி நெல் சரியாக வராத வயலில் மரவள்ளி போடலாமா? வறட்சியைத் தாங்கும் பயிர் உப்பையும் தாங்காதா?"

தாங்காது. காரணத்தைச் சொல்கிறேன்.

காற்று வறண்டாலே மரவள்ளி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போதே மூடும். மற்ற பயிர்கள் வாடிய பிறகு செய்வதை இது முன்கூட்டியே செய்கிறது. அடுத்து பழைய இலைகளை உதிர்க்கும், புதிய இலைகளைச் சிறிதாக விடும். வேர் மணலில் 2 மீட்டர் ஆழம் வரைகூட இறங்கித் தண்ணீர் தேடும். மழை வந்ததும் கிழங்கிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவை எடுத்துத் துளிர்க்கும். அதனால்தான் மழை பெய்த உடனே தோண்டிய கிழங்கில் மாவுச்சத்து குறைந்திருக்கும். இத்தனை சாமர்த்தியமும் வேர் பிடித்து வளர்ந்த பிறகுதான். நட்ட முதல் மூன்று மாதம் தண்ணீர் இல்லாவிட்டால் விளைச்சல் பாதியாகவும் குறையலாம். வறட்சியில் விளைந்த கிழங்கில் கசப்பு நஞ்சும் கூடும். தோலை நன்றாகச் சீவி, நிறைய தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சை இலையையும் தோலையும் மாட்டுக்கு அப்படியே போடாதீர்கள்.

இதெல்லாம் மழை வரும்வரை காத்திருக்கும் உத்தி. உப்பு மண்ணில் காத்திருந்து பயனில்லை. செடி உறிஞ்சும் ஒவ்வொரு சொட்டோடும் சோடியமும் குளோரைடும் ஏறும். இலை விளிம்பு கருகும், கிழங்கு பெருக்காது. மண்ணின் மின்கடத்தும் திறன் 3 டெசிசைமன்ஸ் வரை நெல் சமாளித்துக்கொள்ளும். மரவள்ளி 1-ஐத் தொடும் முன்பே தளர்ந்துவிடும். அதாவது நெல்லே திணறும் வயலில் மரவள்ளிக்கு வாய்ப்பே கிடையாது. களியில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பது தனிக் கதை.

அப்படியானால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி விளைகிறது? மணலில் விழும் மழைநீர் கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வேர்மண்டலத்து உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடுகிறது. அதனால்தான் வேதாரண்யம் பக்கத்தில் மணலில் ஆழமில்லாத குட்டை வெட்டிக் குடத்தால் மொண்டு ஊற்றினார்கள். அது ஏழ்மை மட்டுமல்ல, கணக்கும்கூட. அதே இடத்தில் ஆழ்குழாய் போட்டு மோட்டாரை நாள் முழுக்க ஓட்டினால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். பக்கத்திலேயே அகஸ்தியன்பள்ளி உப்பளம் இருப்பதை மறக்கக்கூடாது.

களியில் நடப்பது நேர்மாறு. கோடையில் நிலத்தடி உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்த வயல்களை மீட்டதும் மழைதான். வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, பிறகு வடித்துவிட்டார்கள். 2005-இல் கொட்டிய மழை பெரும்பாலான வயல்களில் அந்த வேலையை முடித்தது. உங்கள் உவர் வயலுக்கும் அந்த வழிதான். மழைநீரில் கழுவுங்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், உவர் தாங்கும் நெல் ரகம் போடுங்கள்.

மரவள்ளியை மணல் திடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் மேட்டுப்பாத்தியில் நட்டால் ஐப்பசி மழைக்கு முன் தோண்டிவிடலாம். திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்ரீ ஜெயா, ஸ்ரீ விஜயா ரகங்கள் 6, 7 மாதத்தில் வருபவை. மணலில் பொட்டாஷ் தங்காது, பிரித்து இடுங்கள்.

நடும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். நீர் மாதிரியைக் கார்த்திகையில் எடுத்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். சித்திரைக் கடைசியில், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட்டிய பிறகு, சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.