துதிக்கை தூக்கிய லை

மலாக்கா ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கடைக்குப் புதுச் சின்னம் வேண்டுமென்று எங்கள் வடிவமைப்புக் கூடத்துக்கு வந்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பம். அப்பா காலத்துத் தகரப் பலகையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தூரிகை எழுத்து. 'வெற்றிலை' என்ற சொல்லின் லை, யானைத் துதிக்கையைத் தூக்கி நின்றது. 1978இல் தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் விலக்கிய வடிவம் அது. நம் மலேசியப் பாடநூல்களும் பிறகு மாறின. பலகை எழுதியவர்களின் கை மாறத்தான் நாளானது.

சின்னம் செய்யும் இடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. உரோமன் எழுத்துரு, வண்ணம், அளவு எல்லாம் முடிவான பிறகு, "தமிழையும் போட்டுவிடு" என்பார்கள். கணினியில் எது கிடக்கிறதோ, பெரும்பாலும் விண்டோசின் லதா, அது போய் உட்காரும். உரோமனின் தடிமனுக்கு ஈடாக அதைக் கொழுக்க வைத்தால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்க மறந்தாலோ கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி தனியே மிதக்கும். அப்படி அச்சாகித் தொங்கும் பதாகையைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். வீட்டுக்கு வந்தவரைத் தப்பான பெயர் சொல்லி அழைப்பது போன்றது அது.

எங்கள் தோட்டத்து லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் இருந்தார். பழைய தாள் கட்டிலிருந்து 'தமிழ் நேசனை' மட்டும் தனியே எடுத்துக் கொடுப்பார். முகப்பெழுத்தின் உருவம் அவருக்கு ஒரு முகம். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றபோது, அந்த முகத்தையும் சேர்த்துத்தான் இழந்தோம்.

அண்ணனின் பலகைக்கு வருகிறேன். இங்கே கடைப் பலகையில் மலாய்தான் பெரிதாக, முதன்மையாக இருக்க வேண்டும். தமிழுக்கு மிஞ்சுவது கீழே ஒரு வரி, குறைந்த உயரம். அதனால் அந்த உயரத்திலும் சுழி திறந்திருக்கும் எழுத்துருதான் தேவை. நம் நாட்டு முத்து நெடுமாறன் வரைந்து ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி, இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், இன்னும் இரண்டு. நான்கிலும் கடைப் பெயரை அச்சிட்டு, எதிர்க்கடைத் தூணில் ஒட்டி, சாலையைத் தாண்டி நின்று பார்த்தோம். வெயிலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை. பவனம் தெளிவாக நின்றது. தமிழை முதலில் முடிவு செய்து, மலாய் எழுத்தை அதற்கு இணங்கத் தேடியது எங்கள் கூடத்தில் அதுதான் முதல் தடவை.

"அப்பாவோட லை எங்க, தம்பி?" என்றார் அண்ணன்.

ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. வடிவத்தை எழுத்துருதான் தீர்மானிக்கிறது. எங்களிடம் இருந்தவற்றில் துதிக்கை இல்லை. தகரத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் படியெடுத்தேன். எழுதியவர் மேல்வளைவில் தூரிகையை அழுத்தி, இறங்கும்போது தூக்கியிருக்கிறார். அது கைக்குப் பிடிபட மூன்று நாள் ஆயிற்று. பலகையில் வைத்துப் பார்த்தோம். அந்த உயரத்தில் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்தன. அங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இப்போது அது கடையின் காகிதப் பையில், உள்ளங்கை அகலத்துக்கு நிற்கிறது.